மஞ்சள் தட்டு

போன வாரம் வீட்டு மோட்டாருக்கு ஒரு பேரிங் வாங்கி வந்தேன். கடைக்காரர் எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார். சமையல் மேடையில் வைத்துப் பிரித்ததும் வந்துவிட்டது அந்த வாசனை. துருப்பிடிக்காமல் இருக்கத் தடவும் எண்ணெய், பழுப்புத் தாள், அடியில் உலோகத்தின் குளிர்ந்த மணம். "மோட்டாரை மாட்டுவீங்கன்னு பார்த்தா மோந்துகிட்டு நிக்கறீங்களே" என்றாள் மனைவி. நான் அங்கே இல்லை. பென்னலூர்ப் பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கேன்டீனில், 1991ஆம் வருடத்து வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் சைக்ளோஸ்டைல் எடுத்த ஒரு தாள். அதன் ஓரத்தில் எண்ணெயில் பதிந்த ஒரு கட்டைவிரல் ரேகை. தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அந்த ரேகை இருக்கும் இடத்தில் மட்டும் மறுபக்கத்து எழுத்து தெரியும்.

இந்தப் பகுதியில் ஆங்கில வாசிப்புத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எட்டுப் பேருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதிலேயே நானாக ஓய்வு எடுத்துக்கொண்டவன் நான். ஓய்வு என்று பேர்தான். ஓரிடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கால் அரிக்கும். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஒன்பது கம்பெனிகளில் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒன்பதிலும் ஏதோ ஒரு காலைப் பொழுதில் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக் கிளம்பியிருக்கிறேன். எந்தப் பயிற்சியை எந்த வாரம் கொடுப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது, அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. என் முதல் வேலையில் நான் செய்த ஒரு பெரிய தப்பையும், அதிலிருந்து என்னைத் தூக்கிவிட்ட ஒரு பெண்மணியையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அவர் பெயரை எழுதவில்லை. கம்பெனியிலேயே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கேஜ் அக்கா' என்றால்தான் தெரியும். கேஜ் என்பது ஓட்டையின் அளவு பார்க்கும் எஃகுக் குச்சி, நம் சுண்டுவிரல் நீளம் இருக்கும். ஒரு முனை ஓட்டைக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. நுழைய வேண்டியது நுழைந்து, நுழையக் கூடாதது நின்றுவிட்டால் பீஸ் நல்ல பீஸ். அக்கா அந்தக் குச்சியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டே டீ குடிப்பார், தலைமுடியை ஒதுக்குவார், சூப்பர்வைசரோடு சண்டை போடுவார்.

அந்தக் கம்பெனியில் வண்டிகளின் பம்புக்கு, வளையம் மாதிரி இருக்கும் பித்தளை புஷ் செய்தார்கள். தயாரான பீஸ்களைச் சோதித்து அனுப்புகிற இன்ஸ்பெக்ஷன் ரூமில் பன்னிரண்டு பேர். அதில் ஐந்து பேர் பெண்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கூட்டுச் சேர்ந்தது. புது மெஷின்கள் வந்து இறங்கின. கூடவே ஒரு நோட்டீசும் வந்தது. புது இன்ஸ்பெக்ஷன் ரூமில் வேலை செய்கிறவர்களுக்கு ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ளும் திறமை வேண்டும், அதற்கு ஒரு தேர்வு உண்டு. நான்கு பத்திகள், கேள்விகள், நூற்றுக்கு ஐம்பது எடுக்க வேண்டும். பத்திகள் மெஷினைப் பற்றித்தான் இருக்கும் என்றில்லை, உலகத்தில் எதைப் பற்றியும் இருக்கலாம். தேறாதவர்கள் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்புக்கு மாற்றம்.

ஆண்களுக்கு அது மாற்றம். பெண்களுக்கு அது வீடு. ஏனென்றால் பிரஸ் ஷாப்பில் மூன்று ஷிப்டு. பெண்கள் இரவு ஷிப்டில் வேலை செய்யக் கூடாது என்பது அன்றைய சட்டம். ஆகவே தேறாத பெண்ணைக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். நோட்டீசில் அந்த வரி இல்லை. ஆனால் நோட்டீஸ் பலகை முன்னால் நின்ற ஐந்து பெண்களும் அந்த இல்லாத வரியைத்தான் முதலில் படித்தார்கள்.

கேஜ் அக்கா பிள்ளைப்பாக்கத்துக்காரர். அவர் புகுந்த வீடு கம்பெனிக்கு நிலம் கொடுத்த வீடு. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்பது பேச்சு. புருஷனுக்கு மெடிக்கல் டெஸ்டில் கண் சரியில்லை என்று சொல்லிவிட்டதால், பள்ளி இறுதி வரை படித்திருந்த மருமகள் வந்து சேர்ந்தார். இந்த வேலை போனால் அந்த வீட்டுக்கு இன்னொரு வேலை கிடையாது. நிலமும் திரும்பாது. முப்பத்தாறு வயதில் அவர் என் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தபோது அத்தனையும் அவரோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தது.

எனக்கு இருபத்தைந்து வயது. ஆங்கிலத்தில் எம்.ஏ. மூன்று மாத ஒப்பந்தம். எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர், தேர்வுக்கு இரண்டு மாதம். நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் இப்போது போனில் செய்வதைத்தான் செய்தேன். பட்டியல் போட்டேன்.

ஒரு நாளைக்கு இருபது சொல். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பர்சனல் ஆபீசர் கேன்டீனுக்கு வந்து "இந்த வாரம் எத்தனை வார்த்தை?" என்று கேட்பார். நான் நூறு என்பேன். அவர் தலையாட்டிவிட்டுப் போவார். அந்தத் தலையாட்டலுக்காக நான் வாழ்ந்தேன்.

அவர்கள் படித்த படிப்பை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை. குன்றத்தூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொற்களை முணுமுணுத்தார்கள். ஆரோக்கியம் என்று ஒருவர் இருந்தார், முப்பது வயது, சர்ச் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். அவர் படித்த சொல்லை அன்றே செலவழித்துவிடுவார். கேன்டீன் சாம்பாரைக் கரண்டியில் தூக்கிக் காட்டி, "பாருங்க சார், டிரான்ஸ்பரன்ட்!" என்பார். சூப்பர்வைசர் லேட்டாக வந்தால், "இன்னிக்கு ரொம்ப ரிலக்டன்ட்டா வந்துகினு கீறாரு" என்பார். கேஜ் அக்கா சிரிக்க மாட்டார். தாளை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொள்வார். மறுநாள் அதே தாள் எண்ணெய் ரேகையோடு திரும்பி வரும், இருபது சொல்லும் அவருக்கு மனப்பாடமாகி இருக்கும். ஆறு வாரத்தில் அறுநூறு சொல். என் பெருமைக்குக் கேன்டீன் கூரை போதவில்லை.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தபோது ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன்.

முதல் நாள், ஒரு சொல்லும் சொல்லித்தராமல், அவர்கள் நிலை என்ன என்று பார்ப்பதற்கு ஒரு சின்னத் தேர்வு வைத்திருந்தேன். அதில் ஆரோக்கியம் நாற்பத்தொன்று, அக்கா முப்பத்தெட்டு. இப்போது திருத்தினேன். ஆரோக்கியம் முப்பத்தொன்று. அக்கா பன்னிரண்டு. கூட்டலில் தப்பு என்று நினைத்து மறுபடி கூட்டினேன். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் நான் வருவதற்கு முன்னால் இருந்ததைவிடக் கீழே போயிருந்தார்கள். ஆறு வாரம் உழைத்து நான் அவர்களைப் பின்னால் தள்ளியிருக்கிறேன். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு கூட்டல் வரும், அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் தாளில் முதல் பத்தியின் இரண்டாம் வரியில் ஒரு சொல்லுக்குக் கீழே அழுத்திக் கோடு போட்டிருந்தது. அதற்குப் பிறகு பேனா அதிகம் நகரவில்லை. மூன்று பத்திகள் வெள்ளையாகக் கிடந்தன.

"அக்கா, ரெண்டாவது வரியிலேயே நின்னுட்டீங்களே?"

"அந்த வார்த்தை லிஸ்ட்ல இல்ல சார்."

"இல்லாட்டி என்ன? தாண்டிப் போக வேண்டியதுதானே?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எப்டி சார் தாண்டறது? தெரியாத பீஸ பாஸ் பண்ணி அனுப்பறதுக்கு எனக்கு இன்னா பைத்தியமா?"

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது பழக்கம் மட்டும் இல்லை, பயமும். சோதித்த பீஸ்கள் போகும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு லாட், அதில் ஒரு லாட் கார்டு வைப்பார்கள், சோதித்தவர் அதில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கெட்ட பீஸ் வெளியே போய்த் திரும்பி வந்தது, அக்காவின் முதலெழுத்தோடு. மொத்த ஷிப்டும் பார்க்க அவரை நிற்க வைத்து அந்தக் கார்டைப் படித்தார்களாம். அன்றிலிருந்து அவர் கையைத் தாண்டி ஒரு சந்தேகம் வெளியே போனதில்லை. முதல் நாள் தேர்வு அவர்களுக்கு விளையாட்டு, எதுவும் தெரியாது என்று தெரிந்தே குத்துமதிப்பாக எழுதினார்கள். நான் அறுநூறு சொல்லைக் கொடுத்து, இனி தெரியாமல் இருக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டேன். இப்போது ஒவ்வொரு சொல்லும் பீஸ். ஒவ்வொரு பத்தியும் லாட். முதல் சந்தேகத்தில் லைன் நின்றுவிட்டது.

இதெல்லாம் எனக்கு இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை. அன்று நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்னும் இருநூறு சொல்லுக்கு ஒரு கூடுதல் பட்டியல் போட்டேன். குரலை உயர்த்தி, "இதையும் சேர்த்துப் படிங்க, அப்ப நிக்க வேண்டியிருக்காது" என்றேன். அக்கா தாளை வாங்கி மடித்து, "சரி சார்" என்றார். அந்த 'சரி'யில் எதிர்ப்பு கொஞ்சமும் இல்லை. அதனால்தான் அது இன்னும் கேட்கிறது.

மறுநாள் ஒருவருக்குத் தாள் விடுபட்டுப் போனதால் இன்ஸ்பெக்ஷன் ரூமுக்குப் போனேன். கவனியுங்கள், ஆறு வாரத்தில் அதுதான் முதல் தடவை. அவர்கள் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று பார்க்காமலே அவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

"செருப்ப வெளில வுட்டுட்டு வாங்க சார், தூசி ஆவாது" என்றார் அக்கா, தலை நிமிராமல்.

மேஜையில் குவியலாகப் பித்தளை புஷ், ஜன்னல் வெயிலில் பொன்மாதிரி. அக்காவின் விரல்கள் ஒன்றை எடுத்தன, கேஜ் நுழைந்தது, திரும்பியது, அடுத்ததை எடுத்தன. வலது பக்கம் பச்சைத் தட்டு. எதிரே சிவப்பு. இடது முழங்கைக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு தட்டு. பச்சை, பச்சை, பச்சை, சிவப்பு, பச்சை. திடீரென்று ஒரு பீஸ் இடது கைக்கு மாறி, மஞ்சளில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. வலது கை அதற்குள் அடுத்ததை எடுத்திருந்தது. அந்த இடது கையின் நகர்வை என்னால் வார்த்தையில் சொல்ல முடியவில்லை. தூங்கும் குழந்தையைப் பாயில் நகர்த்திப் படுக்க வைப்போமே, அப்படி இருந்தது.

"மஞ்சள் எதுக்கு அக்கா?"

"சந்தேகத்துக்கு."

"சந்தேகம் வந்தா அப்பவே இன்னொரு தடவை அளக்கலாமே?"

கை நிற்கவில்லை. "அப்பவே பாத்துகினு நின்னா பின்னால வர்றதெல்லாம் இன்னா ஆவறது? குமிஞ்சிப் பூடும். அதுவும் இல்லாம, ஒத்த பீஸக் கையில வெச்சிகினு எவ்ளோ மொறைச்சாலும் ஒண்ணியும் தெரியாது சார். கைச் சூடு ஏறி அளவுதான் மாறும். வெச்சிட்டுப் போயினே இருக்கணும். லாட்டு முழுக்கப் பாத்து முடிச்சா, இந்த லாட்டு எப்டினு கைக்கே தெரிஞ்சிடும். அப்பால மஞ்சள எடுத்துப் பாத்தா, பாதிக்கு மேல நல்ல பீஸாத்தான் இருக்கும்."

"எப்ப பாப்பீங்க?"

"ஷிப்டு முடியறதுக்குள்ள. மஞ்சள வெச்சிட்டு வூட்டுக்குப் போவக் கூடாது, அது ரூலு."

நான் அங்கேயே நின்றேன். எண்ணெய் வாசனை. ஜன்னலுக்கு வெளியே யாரோ இரும்புப் பட்டையை இழுத்துக்கொண்டு போகும் சத்தம். என் கையில் இருநூறு சொல்.

"அக்கா," என்றேன், "நேத்து பரீட்சையில இதையே ஏன் செய்யல?"

அப்போதுதான் அவர் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க எங்களுக்கு ரெண்டு தட்டுதானே சார் குடுத்தீங்க? தெரிஞ்சது, தெரியாதது. மஞ்சள் எங்க குடுத்தீங்க?"

பக்கத்து மேஜையிலிருந்து ஆரோக்கியம், "அதெல்லாம் ஸ்டோர்ல எழுதிக் குடுத்துக் கேக்கணும்க்கா, சும்மா வருமா?" என்றார். அக்காவைத் தவிர ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போது கண் கலங்கியது, தூசி விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் இருந்தது. பட்டியலை நிறுத்தினால் வெள்ளிக்கிழமை பர்சனல் ஆபீசருக்கு என்ன எண்ணிக்கை சொல்வது? ஒப்பந்தத்தை நீட்டுவதும் நீட்டாததும் அவர் கையில். நிறுத்தாவிட்டால் இந்த ஐந்து பெண்கள் வீட்டுக்குப் போவார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றேன். அதிகம் யோசித்தேன் என்று பெருமையடிக்க மாட்டேன். வலது கை ஏற்கெனவே அடுத்ததை எடுத்திருந்தது.

டூல் ரூமில் இரும்பில் கோடு போடுவதற்கு முன் பூசும் நீலச் சாயம் ஒரு டப்பா வாங்கினேன். ஒரு பத்தியை எடுத்துப் பத்துச் சொற்களின்மேல் நீலம் பூசினேன். பட்டியலில் இருந்த சொல், இல்லாத சொல், எல்லாம் கலந்து. மறுநாள் கேன்டீனில் தாளைக் கொடுத்து, "இதுல நீலம் எல்லாம் மஞ்சள் தட்டு. நிக்காம கடைசி வரைக்கும் போங்க. அப்புறம் திரும்பி வாங்க" என்றேன்.

ஆரோக்கியத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "அறுநூறு வார்த்தை மனப்பாடம் பண்ணிகீறேன் சார். பொண்டாட்டி பைத்தியம்னு நெனச்சிகினா. இப்ப மேலயே சாயம் பூசி மறைச்சிட்டா எப்டி?"

"அந்த அறுநூறும் பச்சைத் தட்டு அண்ணே, வீண் போகாது. பச்சை எவ்வளவு நிறையுதோ அவ்வளவு சுலபமா மஞ்சள் தெளியும்" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

முதல் நாள் தடுமாறினார்கள். மூன்றாம் நாள் அக்கா ஒரு நீலத்தின்மேல் விரலை வைத்து, "இது இன்னானு தெரியாது சார். ஆனா கெட்டதுதான். இதனால ஜனங்க ஊர வுட்டே போறாங்கன்னு கீழ எழுதிகீறான். வியாதி இல்லாட்டி பஞ்சம்" என்றார். சாயத்துக்கு அடியில் இருந்தது பஞ்சத்துக்கான சொல். எழுந்து போய் அவர் கையைக் குலுக்கினேன். என் கையெல்லாம் எண்ணெய்.

அதற்குப் பிறகு நடந்தது என் யோசனை இல்லை. அக்கா பழைய லாட் கார்டுகளின் வெள்ளைப் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டார். மஞ்சளிலிருந்து தெளிந்த சொல்லை, அது வந்த வரியோடு அப்படியே எழுதிக் கீழே தன் முதலெழுத்தைப் போட்டார். தனிச் சொல்லை எழுத மாட்டார். "எந்த லாட்டுல வந்துதுனு தெரியாம பீஸ எடுத்து வெச்சா நாளைக்கு எதுக்கு ஆவும்?" என்றார். மற்ற பதினொரு பேரும் அதையே செய்தார்கள். நான் அடுக்கிய பட்டியலில் ஒரு சொல் இன்னொரு சொல்லுக்கு அந்நியம். அவர்கள் கார்டில் ஒவ்வொரு சொல்லும் தன் சொந்தக்காரர்களோடு உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பர்சனல் ஆபீசர் வந்தார். நீலத் தாளை இரண்டு விரலால் தூக்கினார். "என்ன இது? எத்தனை வார்த்தை இந்த வாரம்?"

"வார்த்தை எதுவும் கொடுக்கல சார்."

"கொடுக்கலயா? இருந்ததையும் அழிச்சு வெச்சிருக்கீங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து நின்றார். கையில் கேஜ். "சார், பீஸ் சரியில்லாட்டி மொதல்ல சொல்றவங்க நாங்கதான். எங்க வேலையே அது. இது சரியாத்தான் கீது."

அவர் யாரையும் பார்க்காமல் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். என் ஒப்பந்தம் அந்த நிமிஷத்தில் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று மதியம் நான் சாப்பிட்ட சாம்பார் என் வாழ்க்கையிலேயே ருசியான சாம்பார். டிரான்ஸ்பரன்ட்டாகத்தான் இருந்தது.

தேர்வு நாள். காலை பத்து மணி, அதே கேன்டீன். தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார், சீல் வைத்த உறையோடு. எனக்கு உள்ளே அனுமதி இல்லை. கை கழுவும் தொட்டிப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அக்கா மூன்றாம் வரிசையில் இருந்தார். கேஜைக் கொண்டுபோகக் கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அவர் விரல்கள் வெறுமையாக இருந்ததை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் எழுதினார். பக்கம் திருப்பினார். பிறகு பேனா நின்றது.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மாதிரித் தேர்வின் அந்த முகம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. புருவம் சுருங்கி, உதடு உள்ளே இழுத்து. முன் வரிசையில் ஆரோக்கியம் தாளைத் திருப்புவது தெரிந்தது. 'வெச்சிட்டுப் போங்க அக்கா, வெச்சிட்டுப் போங்க' என்று உள்ளுக்குள் கத்தினேன். கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது, பிரஸ் ஷாப் இடித்துக்கொண்டிருந்தது.

அப்போது அவருடைய இடது கை நகர்ந்தது. வெறும் மேஜைமேல், எதையோ மெல்லத் தூக்கி, முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தது. சத்தமில்லாமல். பேனா அடுத்த வரிக்குப் போயிருந்தது.

பிறகு கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. இல்லாத தட்டில் இல்லாத பீஸ். மறுபடி. பதினொரு தடவை எண்ணினேன். கடைசிக் கால் மணி நேரத்தில் அவர் முன் பக்கங்களுக்குத் திரும்பி வந்தார். அந்த இடது கை மேஜை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்தது. ஷிப்டு முடியும் நேரம்.

வெளியே வந்ததும் முதலில் கேஜை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.

"மூணாவது ஒண்ணு இருந்துச்சே சார், அதுல ஒரு வார்த்தை. திரும்பத் திரும்ப அதையே எழுதி வெச்சிகீறான். செடிமென்ட்டு. உயிரு பூட்ச்சி எனக்கு. சரினு வெச்சிட்டுக் கீழப் போனேன். மழைத்தண்ணி அத்த இட்டாந்து கொட்டுது, கொஞ்சங்கொஞ்சமா ஆழம் கொறையுது, தண்ணி நிக்க மாட்டேங்குதுனு எழுதிகீறான். அட, இது எங்க பிள்ளைப்பாக்கத்து ஏரில தூரு சேர்ற கத சார்! அந்த வெள்ளக்காரன் எங்க ஏரிய எப்பப் பாத்தான்?"

அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அக்கா ஐம்பத்தேழு. ஆரோக்கியம் அறுபத்திரண்டு, அவர் ஒரு மாதம் வரை அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேள்வி. பன்னிரண்டு பேரில் மூன்று பேர் தேறவில்லை. அந்த மூன்றில் ஒருவர் பெண். மெல்லப் பேசுகிறவர், கடைசி பெஞ்ச். ஆறு வாரத்தை நான் வீணாக்கியிருக்காவிட்டால் அவரும் தேறியிருப்பாரா? இத்தனை வருடமாகியும் அந்தக் கேள்வியை எந்தத் தட்டில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நன்றி சொல்லும் இந்த எழுத்தில் அதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

என் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. மூன்று மாதம் முடிந்த அன்று மாலை என் பையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம். கேஜ் அக்கா, பகல் ஷிப்டு முடித்து, கையில் எண்ணெய்த் தாளில் சுற்றிய ஏதோ ஒன்றோடு வந்தார்.

"இந்தாங்க. ஸ்டோர் தாளுதான், கேட்டுகினுதான் எடுத்தேன்."

பிரித்தேன். ஒரு லாட் கார்டு. ஏரி தூர்ந்துபோகும் அந்த வரியை நினைவிலிருந்து ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. கீழே முதலெழுத்து. அதற்குப் பக்கத்தில், பாஸான லாட்டுக்குப் போடுகிற பச்சை டிக்.

நன்றி என்று சொல்ல வந்தேன். அதற்குப் பதில் கார்டைத் திரும்பத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் அதைக் கவனிக்காததுபோல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் பூந்தமல்லி பஸ் தெரிந்தது.

"அடுத்தது எங்க சார்?"

"தெரியல அக்கா. ஒண்ணும் தெரியல."

பஸ் வந்து நின்றது. நான் ஏறிப் படியில் நின்று திரும்பினேன். அக்கா கேஜைக் காதோரம் முடியில் செருகிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியலன்னா மஞ்சள்ல வெச்சிட்டுப் போயினே இருங்க சார். ஷிப்டு முடியறதுக்குள்ள தெரிஞ்சிடும்."